காயாத நிறம்

பப்பாளி காய்ந்துவிட்டது. பிஸ்கட் காயவில்லை.

இரண்டும் ஒரே சுவர், ஒரே பெயின்டர், ஒரே பிரஷ். நேற்றுக் காலையில் பக்கத்துப் பக்கத்தில் அடித்த இரண்டு சதுரங்கள். கடைக்காரம்மா விடிந்ததும் விடியாததுமாகக் கடைசி அறைக்குள் வந்து, விளக்கைப் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பப்பாளியில் விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிஸ்கட்டில் வைத்த இடத்திலேயே நின்றது. இழுத்தாள். விட மனசில்லாமல் விட்டது. விரல் நுனியில் பெயின்ட் ஒட்டவில்லை. சுவரில் மட்டும் அவளுடைய ரேகை சுழி சுழியாகப் பதிந்திருந்தது. விரலை மோந்து பார்த்தாள். பெயின்ட் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது, நாலைந்து நாள் குளிக்காத தலையின் வாசனை. முகத்தைச் சுளித்துக்கொண்டு பெயின்டருக்குப் போன் போட்டாள்.

"என்னய்யா அடிச்சுட்டுப் போயிருக்க? ஒண்ணு காஞ்சிருக்கு, ஒண்ணு அப்படியே இருக்கு."

"மழ ஈரம்மா. அதுவா காயும்."

"ரெண்டும் ஒரே சுவர்லதானே இருக்கு? மழை என்ன உனக்காக ஒரு பக்கமாப் பெய்யுதா?"

"அங்க எண்ணெய்க் கறை இருக்குல்லம்மா, அதான் மக்கர் பண்ணுது. பேசாம பீரோவை இழுத்து மறைச்சு வெச்சிருங்க. வேலை முடிஞ்சுது."

பீரோவை இழுத்து மறைக்க இவன் எதற்கு, இவனுக்கு ஒரு பிரஷ் எதற்கு! தண்டம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஆள் கேட்டிருப்பான். கேட்கட்டும்.

பப்பாளி, பிஸ்கட் என்பதெல்லாம் அவள் வைத்த பெயர். பெயின்ட் கம்பெனிக்காரன் வைத்த பெயர்கள் 'அந்தி முத்தம்', 'தேன் நினைவு'. டப்பா மேல் அதை எழுதினவனை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம். ஒன்று தண்ணி விட்ட பப்பாளி, இன்னொன்று பாலில் நனைந்த பிஸ்கட். அவ்வளவுதானே? இதில் முத்தம் எங்கே வந்தது, நினைவு எங்கே வந்தது?

நிறத்தைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. தையல் சாமான் கடை வைத்திருப்பவள். நூல், பொத்தான், லைனிங் துணி. அலமாரியில் பழுப்பு நூல்கண்டு மட்டுமே ஒரு வரிசை முழுக்க இருக்கும்; கண்ணை மூடிக் கையை நீட்டினால் சரியான கண்டு கைக்கு வரும். வாங்க வருகிறவர்கள் இரண்டு கண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பார்கள். "ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலையா? கண்ணா அது, இல்ல காஜா ஓட்டையா?" என்பாள். பொத்தான் நுழைகிற ஓட்டையோடு கண்ணை ஒப்பிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். துணி எடுக்க வருகிறவர்களுக்கு அதை வாசலுக்கு எடுத்துப் போய், வெளிச்சத்தில், முழங்கைக்கு உட்புறத் தோலின் மேல் வைத்துக் காட்டுவாள். தோல் செத்துத் தெரிந்தால் அந்த நிறம் ஆகாது, தோலோடு பொருந்தினால் ஆகும். அதுதான் அவள் அளவுகோல். அது தவறியதே இல்லை.

ஆனால் இந்தச் சுவரில் அவள் அழகு பார்க்கவில்லை. எது மறைக்கிறது என்று பார்த்தாள்.

தரையில் உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, அந்தக் கறை. "கறைக்குப் பாதி இந்தக் கலர், பாதி அந்தக் கலர் அடி. எது மூடுதுன்னு பார்க்கணும்," என்று பெயின்டரிடம் சொன்னது அவள்தான். கழுவவில்லை, தேய்க்கவில்லை. அந்தக் கறைக்கு அவ்வளவு மரியாதை எதற்கு என்று நினைத்தாள்.

கறை பல்லியுடையது.

பல்லி என்றால் சுவரில் ஓடுகிற பல்லி இல்லை, அவளுடைய நாத்தனார். வீட்டுக்காரருடைய தங்கை. கல்யாணம் ஆகாமல், போக்கிடம் இல்லாமல், இந்தக் கடைசி அறையில் சுவரோடு ஒட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியவள். கடைக்கு வருகிற துணிகளுக்கெல்லாம் ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவது அவள் வேலை. முதுகைச் சுவருக்குக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டாள். ஊசி போகிற போக்கில் தலையும் இடமும் வலமுமாக அசையும். அசைகிற தலை சுவரில் உரசும். சர்... சர்... சர்... சுவருக்கு அந்தப் பக்கம்தான் கடைக்காரம்மாவின் படுக்கையறை. மத்தியானம் கண்ணை மூடினால் போதும், காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு யாரோ சுரண்டுகிற மாதிரி இருக்கும். பல்லி என்ற பெயரை அவள்தான் வைத்தாள், கடை வாசலில், நாலு பேர் முன்னால். பல்லியும் சேர்ந்துதான் சிரித்தாள். சொரணை கெட்ட ஜென்மம்!

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து ஒன்று கேட்டாள். கடைக்கு யாரோ கொண்டுவந்த பெயின்ட் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணி, நம்ம ரூமுக்கு ஒரு கலர் அடிச்சா நல்லாருக்கும்ல? இருட்டா இருக்கு," என்றாள்.

"எந்தக் கலர்?"

பல்லி இரண்டு விரலால் இரண்டு கட்டங்களைத் தொட்டாள். "இதுல எதுன்னுதான் தெரியல அண்ணி. ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு."

"முதல்ல ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியட்டும். அப்புறம் அடிக்கலாம்."

எந்த இரண்டு கட்டங்கள் என்பது கடைக்காரம்மாவுக்கு இப்போது ஞாபகம் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ள அது என்ன பெரிய சமாசாரமா?

பிறகு ஒரு மத்தியானம், அவள் படுத்திருக்கும்போது, அந்தச் சத்தம் பாதியில் நின்றது. ஒரு சர் வந்தது, அடுத்த சர் வரவில்லை. அப்பாடா என்று புரண்டு படுத்தாள். நன்றாகத் தூங்கினாள். சாயங்காலம், கடைக்கு ஓரம் அடித்த துணி வேண்டுமே என்றுதான் இந்த அறைக்கு வந்தாள். ஊசி துணியில் குத்தியபடி இருந்தது. தலை சுவரில் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது.

சத்தம் நின்றது தனக்குக் கேட்டது என்பதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் மகள் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். "அத்தை அவ்வளவு நேரம் அப்படியே இருந்திருக்காங்க. யாருமே எட்டிப் பார்க்கலையாம்மா?" என்று போனில் கேட்டவள், அதோடு இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. குழந்தை பிறந்தும் வரவில்லை. போட்டோ அனுப்பினாள், அதுவும் அப்பாவுக்கு. கடைக்காரம்மாவின் பேரக்குழந்தை; அவள் இன்னும் அதைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. கெஞ்சிப் பழக்கமில்லாத வாயால் கெஞ்சி, வீட்டுக்காரரை நடுவில் விட்டு, ஒருவழியாக நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல வைத்திருந்தாள். "அத்தை ரூம்லதான் தங்குவேன்," என்றும் சொல்லியிருந்தாள் மகள். சரி, தங்கட்டும். மரத் தொட்டில் வாங்கிப் போட்டாயிற்று. கறை மட்டும் கண்ணில் படக் கூடாது. அதைப் பார்த்தால் மகள் திரும்பவும் ஆரம்பிப்பாள்.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சாப்பிட்டு, வழக்கம்போலப் படுத்தாள். மழை விட்டிருந்தது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டுகிற சொட்டு, முன்னறையில் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்த டிவியின் முணுமுணுப்பு, எங்கோ ஒரு வண்டி கிளம்ப மாட்டேன் என்று இருமுகிற சத்தம், இவற்றுக்கெல்லாம் நடுவில், தலையணைக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவசரமே இல்லாமல், பழைய வேகத்திலேயே அது வந்தது.

சர்... சர்... சர்...

பெயின்டர் வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறான் என்று நினைத்தாள். சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்திருக்கிறான் பார், திமிர்! போனை எடுத்துக் கூப்பிட்டாள். "நான் வேற வீட்டுல இருக்கேம்மா," என்றான் அவன். பின்னால் வேறு யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. சுவரில் சர், சர் நிற்கவில்லை.

அவள் கதவைத் திறந்ததும் நின்றது.

அறையில் யாரும் இல்லை. தொட்டில் இருந்தது, மேல்துணி மடிப்புக் கலையாமல். சுவரைப் பார்த்தாள். காலையில் பளிச்சென்று இருந்த பப்பாளிப் பக்கத்தில் கறை ஊறி வெளியே வந்திருந்தது. பாதிக் கறை இல்லை, முழு வட்டம். இருந்த இடத்திலிருந்து நகர்ந்து, முழுசாக, பப்பாளிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. பிஸ்கட் சுத்தமாக இருந்தது. ஈரமாக இருந்தது. காலையில் அவள் பதித்த ரேகையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது, நீளமாக, பாதி நரைத்து.

பெயின்டர் தலைமுடியாக இருக்கும் என்று நினைத்தாள். பெயின்டருக்கு மொட்டைத் தலை. பிறகுதான் அது ஞாபகம் வந்தது. நுனியைப் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள், இன்னும் வந்தது, சுவரின் மேல் ஒட்டியிருந்தது வரவில்லை, சுவருக்கு உள்ளே இருந்தது வந்தது, துணியிலிருந்து நூல் உருவுகிற மாதிரி சிக்கல் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஏதோ பிடித்துக்கொண்டது. வேர் இருக்கிற முடியை இழுத்தால் எப்படிப் பிடிக்குமோ அப்படி.

சுவர் "ஸ்..." என்றது.

கையை உதறினாள். முடி தரையில் விழுந்தது. கதவுப் பக்கம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இத்தனை வருஷம் எல்லாரையும் ஏளனமாகப் பார்த்த கண், ஒரு சுவரைப் பார்த்துப் பயப்படவா? குழாயில் காற்று, மழைக்கு உப்பிய சிமென்ட், அவ்வளவுதான் என்று தனக்கே ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். ரவிக்கையின் கையை மேலே ஏற்றிவிட்டாள். முழங்கையின் உட்புறத்தைச் சுவரருகே கொண்டுபோனாள். அவளுக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அதுதானே?

பப்பாளிக்கு நேராக வைத்தாள். தோல் சாம்பல் பூத்துத் தெரிந்தது, செத்தவள் கை மாதிரி. ஆகாது.

பிஸ்கட்டுக்கு நேராக வைத்தாள்.

பொருந்தியது. அவ்வளவு நன்றாக எந்தத் துணியும் அவள் தோலோடு பொருந்தியதில்லை. கையின் ஓரத்தைத் தேடினாள். இல்லை. இங்கே கை, இங்கே சுவர் என்று பிரிக்கிற கோடு இல்லை. ஒரு நிழல்கூட இல்லை. நூல்கண்டுகளில் மயிரிழை வித்தியாசம் கண்டுபிடிக்கிறவள், தன் கை எங்கே முடிகிறது என்று தெரியாமல் நின்றாள். அப்போது, அந்தப் பக்கத்திலிருந்து, அவள் தோலின் மேல் ஏதோ உரசியது. மெதுவாக. இடமும் வலமுமாக.

பிய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். முழங்கையில் ரோமமெல்லாம் போய், வழவழவென்று சிவந்திருந்தது.

முதலில் மகளுக்குத்தான் போன் செய்தாள்.

"நாளைக்கு நேரா வீட்டுக்கு வராத. கடை மாடில ரூம் இருக்கு. சுத்தம் பண்ணி வைக்கிறேன், அங்க தங்கிக்க."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். சொன்னாக் கேளு."

கெஞ்சத்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் குரல் எப்போதும் வருகிற மாதிரிதான் வந்தது, மூக்குக்கு மேலிருந்து. வேறு மாதிரி பேச அதற்குத் தெரியவில்லை.

"புரியுதும்மா," என்றாள் மகள். "என் குழந்தைக்குக்கூட உன் வீட்டுல இடம் இல்ல."

"அதில்லடி, அந்த ரூம் சரியில்ல..."

"அத்தை இருந்தப்ப மட்டும் சரியா இருந்துச்சா? உனக்கு இந்த உலகத்துல யாரைத்தாம்மா பிடிக்கும்?"

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. ஒரு பெயின்ட் காயலைன்னு ஊரைக் கூட்டுவியா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சுப்போச்சு," என்றார். அந்த இளக்காரம் அவள் வாயிலிருந்து போய் அவரிடம் ஒட்டிக்கொண்டதுதான். கொடுத்ததையே திருப்பி வாங்கிக்கொண்டாள்.

கடைசி அறைக் கதவில் பூட்டைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். "நான் வர வரைக்கும் யாரும் இதைத் திறக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். மாடி அறையில் பழைய துணி மூட்டைகள் கூரை வரைக்கும் கிடந்தன. ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கட்டில் தள்ளினாள். தும்மித் தும்மிப் பெருக்கினாள், தரையைத் துடைத்தாள், ஜன்னலைத் திறந்தாள். இங்கே தொட்டிலைப் போடலாம், இந்தப் பக்கம் சுவரே வேண்டாம், நடுவில் போடலாம். அவள் யாருக்காகவும் இப்படி முட்டி போட்டுத் தரை துடைத்ததில்லை. பார்க்காத அந்தக் குழந்தைக்காகத் துடைத்தாள். எப்படியாவது காலில் விழுந்தாவது மகளை இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வாசலில் மகளுடைய செருப்பு கிடந்தது.

"இப்பத்தான் வந்தா," என்றார் வீட்டுக்காரர், டிவியைப் பார்த்தபடியே. "நாளைக்குன்னு சொன்னவ, நீ பேசின பேச்சுக்கு இன்னிக்கே கிளம்பி வந்துட்டா. குழந்தையைக் கடைசி ரூம்ல படுக்க வெச்சிருக்கா."

"பூட்டி வெச்சிருந்தேனே!"

"பூட்டுக்கு ரெண்டு சாவி இருக்குல்ல?"

ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள், முதுகைச் சுவருக்குக் கொடுத்து, கூந்தலை அவிழ்த்துப் போட்டு, மடியில் குழந்தையின் மேல் முகத்தைக் கவிழ்த்து. குழந்தையின் கால் மட்டும் தெரிந்தது. ஒரு பிடி கால். உதைத்துக்கொண்டிருந்தது. உயிரோடு, நன்றாக. கடைக்காரம்மாவுக்கு நெஞ்சில் மூச்சு திரும்பியது. மூச்சு திரும்பியதும் கோபமும் திரும்பியது.

"எழுந்திரிடி அங்கேருந்து. ஈரச் சுவர் அது."

எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்தாள். தலை பின்னால் சாய்ந்தது. அசைந்தது.

சர்... சர்...

"காதுல விழல? குழந்தையைக் குடு இப்படி."

"யார்கிட்டம்மா கத்துற?" என்றது மகளின் குரல். பின்னாலிருந்து. சமையலறையிலிருந்து. "மெதுவாப் பேசு, குழந்தை முழிச்சிக்கும். தொட்டில்ல போட்டுட்டுப் பால் ஆத்த வந்தேன்."

கடைக்காரம்மா தொட்டிலைப் பார்த்தாள்.

காலி.

சுவரோரம் இருந்தவள் குழந்தையை இரண்டு கையாலும் தூக்கினாள். பதமாகத்தான் தூக்கினாள். பப்பாளிக்கு நேராகக் கொண்டுபோனாள். குழந்தையின் கன்னம் சாம்பல் பூத்தது. இல்லை என்று தலையசைத்தாள். அவசரம் இல்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, கடை வாசலில் துணியைத் தோலோடு வைத்துப் பார்க்கிற அதே தோரணை. அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் இங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். காலை நகர்த்த முடியாமல். குரல் வராமல்.

பிஸ்கட்டுக்கு நேராகக் கொண்டுபோனாள்.

வைத்தாள்.

"இப்ப வித்தியாசம் தெரியுது அண்ணி," என்றாள் பல்லி.

கன்னத்தின் ஓரம் போயிற்று. காது போயிற்று. நெற்றி எங்கே, சுவர் எங்கே? ஒரு கண் மட்டும் இருந்தது. பாட்டியை முதல் தடவையாகப் பார்த்தது. சிரித்தது. அதுவும் போயிற்று. கால் இருந்தது, உதைத்துக்கொண்டே இருந்தது, பிறகு அதையும் காணோம். கடைக்காரம்மா கண்ணை விரித்து விரித்துப் பார்த்தாள். ஒரு கோடு. ஒரு நிழல். ஒரு மயிரிழை. எதுவும் இல்லை.

"உங்களுக்குத் தெரியலையா?" அதே பணிந்த குரல். எப்போதும்போலச் சிரித்த குரல். "கண்ணா அது அண்ணி, இல்ல காஜா ஓட்டையா?"

மகள் பால் புட்டியோடு உள்ளே வந்தாள். விளக்கைப் போட்டாள். தொட்டிலைப் பார்த்தாள்.

"குழந்தை எங்கம்மா?"

சுவரோரம் யாரும் இல்லை.

"அம்மா. குழந்தை எங்க?"

கடைக்காரம்மா முட்டி போட்டுச் சுவரிடம் போனாள். பிஸ்கட்டின் மேல் விரலை வைத்தாள். விரல் எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

காய்ந்துவிட்டது.

அதன் நடுவில் புதிதாக ஒரு எண்ணெய்க் கறை இருந்தது, கைக்குழந்தையின் பின்னந்தலை அளவுக்கு. மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக, இடமும் வலமுமாக, அசைந்துகொண்டிருந்தது.